சுவர் வீட்டுக்காரருடையது, சாமான் நம்முடையது!

வெள்ளிக்கிழமை என்றால் ஒடுகத்தூரில் ஆடுகளின் ராஜ்யம்தான். வேலூர் ஜில்லாவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் இந்தச் சிறிய ஊரில் வாரந்தோறும் அன்றைக்கு ஆட்டுச் சந்தை கூடுகிறது. தீபாவளி, பொங்கல், பக்ரீத் பண்டிகைகள் நெருங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆடு எது, ஆள் எது என்று பிரித்தறிவதே பெரும்பாடாகிவிடும்!

அந்த ஆட்டுக்கு இந்தக் காலத்தில் கிடைத்திருக்கும் ஒரு சௌகரியத்தைக் கேளுங்கள். கால்நடை இன்ஷ்யூரன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. மாடு, எருமை மட்டுமல்ல, வெள்ளாடும் செம்மறியாடும்கூட அதில் அடக்கம். பிரீமியத்தில் ஒரு பகுதியைச் சர்க்காரே மானியமாகக் கொடுக்கிறது. அடையாளத்துக்குக் காதில் ஒரு வில்லை மாட்டிவிடுவார்கள். ஆடு இறந்துபோனால் அந்த வில்லையைக் காட்டி நஷ்ட ஈடு கேட்கலாம்.

சரி, ஆட்டுக்கு வழி இருக்கிறது. வாடகை வீட்டில் குடியிருக்கும் நம் வீட்டு பீரோவுக்கும், கட்டிலுக்கும், குளிர்சாதனப் பெட்டிக்கும், பட்டுப் புடவைக்கும்? அவற்றுக்கும் வழி இருக்கிறது. நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். “சொந்த வீட்டுக்காரர்கள் சமாசாரம் அது, நமக்கேன்?” என்று விட்டுவிடுகிறோம்.

அக்காவும் டீச்சரும்

கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மலைமேல் பள்ளிக்கூடத்தில் உத்தியோகம் பார்க்கும் ஓர் ஆசிரியை, கணவர், இரண்டு குழந்தைகள். ஒடுகத்தூரில் ஒரு வீட்டின் கீழ்ப் பகுதியில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் ஆசிரியைக்கும் வீட்டுக்கார அம்மாளுக்கும் பேச்சு நடக்கிறது.

“அக்கா, இந்த வீட்டுக்கு இன்ஷ்யூரன்ஸ் இருக்குதுங்களா?”

“இருக்குது டீச்சர். கடன் வாங்கி மேல்மாடி கட்டினோமே, அப்பவே பேங்க்காரங்க போட வச்சுட்டாங்க.”

“அப்ப எங்க சாமானுக்கும் கவலை இல்லைன்னு சொல்லுங்க!”

“அது எப்படிங்க டீச்சர்? என் சுவருக்கும் கூரைக்கும்தானே நான் பணம் கட்டியிருக்கேன்? உங்க டீ.வி.க்கு நானா கட்டுவேன்?”

வீட்டுக்கார அம்மாள் சொன்னதுதான் சரி. வீட்டுக்காரர் எடுத்திருக்கும் பாலிஸி அவருடைய கட்டடத்துக்கு. குடித்தனக்காரருடைய சாமான்களுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வீட்டு வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத வரையில், கட்டடத்தின் பெரிய பழுதுகளை வீட்டுக்காரரின் பொறுப்பில் விட்டிருக்கிறது. ஆகவே சுவர் இடிந்தால் அது அவர் கவலை. சாமான் நனைந்தால் அது நம் கவலை.

ஆறு வரும்போது அறிவிப்பு வராது

“எங்கள் தெருவில் என்ன வந்துவிடப் போகிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. ஒடுகத்தூர்ப் பக்கம் ஓடும் உத்திர காவேரி ஆறு வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் வெறும் மணலாகக் கிடப்பது. ஆனால் ஜவ்வாது மலையில் கன மழை கொட்டினால் அதன் குணமே மாறிவிடும். 2021 நவம்பரில் உத்திர காவேரியும் பாலாறும் கரை புரண்டதை வேலூர் ஜில்லா ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே மாதம் பேரணாம்பட்டில் மழையில் சுவர் இடிந்து விழுந்து ஒரே வீட்டில் ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். இன்னும் பழைய கதை வேண்டுமானால், 1903 நவம்பர் 12-ந் தேதி பாலாறு வாணியம்பாடிக்குள் புகுந்து ஏராளமான உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று.

பட்டணவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் சென்னையில் அடையாறு வீட்டுக்குள் வந்தது. 2023 டிசம்பரில் ‘மிக்ஜாம்’ புயல் வந்தது. அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஒவ்வொரு தடவையும் தரைத் தளத்தில் குடியிருந்தவர்கள் மெத்தையையும் அரிசி மூட்டையையும் தெருவில் குவித்துவிட்டு நின்றார்கள்.

சர்க்கார் நிவாரணம் கொடுக்கவில்லையா என்றால், கொடுத்தது. 2015-ல் வெள்ளம் சூழ்ந்த வீடுகளுக்கு 5,000 ரூபாய். குடிசைகளுக்கு 10,000 ரூபாய். 2023-ல் 6,000 ரூபாய். ஆபத்துக் காலத்தில் அது பெரிய உதவிதான். ஆனால் அரிசி, பருப்பு, பாய், போர்வை வாங்கினால் அதோடு சரி. நனைந்துபோன குளிர்சாதனப் பெட்டியின் கதவுக்குக்கூட அது காணாது!

என்ன பாலிஸி அது?

லண்டன் மாநகரம் 1666-ம் வருஷம் பற்றி எரிந்த பிறகுதான் வீட்டுக்குத் தீ இன்ஷ்யூரன்ஸ் என்ற யோசனையே அங்கே பலமாக வேரூன்றியது. நம் தேசத்தில் 2021 ஏப்ரல் 1-ந் தேதி முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான பாலிஸியை எல்லாப் பொது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளும் விற்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் ஏற்பாடு செய்திருக்கிறது. பெயரில் ‘கிருஹம்’ இருக்கிறதே என்று குடித்தனக்காரர்கள் பின்வாங்க வேண்டாம். கட்டடத்தை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் சாமான்களுக்கு மட்டும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

தீ, இடி, புயல், வெள்ளம், மண்சரிவு, பூகம்பம், கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைந்து கொட்டுவது எல்லாம் இதில் அடக்கம். வேலூர்ப் பக்கம் 2021-ன் கடைசியில் பூமி இலேசாக ஆடியது நினைவிருக்கிறதல்லவா? பூகம்பத்துக்குத் தனிப் பணம் கட்ட வேண்டியதில்லை.

இன்னொரு நல்ல அம்சமும் உண்டு. பழைய முறையில், நாலு லட்ச ரூபாய்ச் சாமானை இரண்டு லட்சத்துக்கு மட்டும் இன்ஷ்யூர் செய்திருந்தால், ஒரு லட்ச ரூபாய் நஷ்டத்துக்கு 50,000 ரூபாய்தான் தருவார்கள். “பாதிக்குத்தானே பணம் கட்டினாய்? பாதியை வாங்கிக்கொள்” என்பது அந்தக் கணக்கு. புதிய பாலிஸியில் இந்த வெட்டு கிடையாது. எடுத்த தொகை வரைக்கும் நஷ்டத்தை முழுதாகக் கொடுக்க வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெறும் திருட்டு இதில் சேராது. வெள்ளமோ தீயோ வந்து வீடு அலங்கோலமாகக் கிடக்கும்போது, அதன் காரணமாக ஏழு நாட்களுக்குள் திருட்டுப் போனால் மட்டுமே உண்டு. பூட்டை உடைத்துத் திருடும் கள்ளனுக்குத் தனிப் பாலிஸியோ, கூடுதல் பகுதியோ வேண்டும். ரொக்கப் பணமும் சேராது. ஆகையால் அரிசிப் பானையில் ஒளித்து வைத்திருக்கும் நோட்டுக்களுக்கு எந்தக் கம்பெனியும் ஜவாப்தாரி அல்ல!

சிக்கனத்துக்குச் சில வழிகள்

இனி நம் சகோதரிகளுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருவோம். குறைந்த செலவில் இதை முடிப்பது எப்படி?

முதலாவது, ஜாபிதா எழுதுங்கள். “ஒரு பத்து லட்சத்துக்குப் போட்டுவிடுங்கள்” என்று ஏஜண்டிடம் குத்துமதிப்பாகச் சொல்வது வீண் செலவு. நம் ஆசிரியை வீட்டுச் சாமான்களை, இன்று புதிதாக வாங்கினால் என்ன விலையோ அந்த விலையில், உத்தேசமாகக் கணக்கிடுவோம். குளிர்சாதனப் பெட்டி 25,000, துணி துவைக்கும் மிஷின் 20,000, டீ.வி. 25,000, கட்டில், மெத்தை, பீரோ 60,000, மிக்ஸி, கிரைண்டர் 12,000, பாத்திரம் பண்டங்கள் 30,000, துணிமணிகள் 80,000, மின்விசிறி, இன்வர்ட்டர் 30,000, மடிக் கணினி 40,000, சைக்கிள், புத்தகம் முதலியவை 18,000. ஆக மொத்தம் 3,40,000 ரூபாய். இதற்குமேல் ஒரு ரூபாய்க்குக்கூட பிரீமியம் கட்ட வேண்டாம்.

இரண்டாவது, நாலு இடத்தில் விசாரியுங்கள். கத்திரிக்காய்க்கு மூன்று கடை ஏறி இறங்கும் நாம், பாலிஸியை மட்டும் முதலில் வந்த ஏஜண்டிடமே வாங்கிவிடுகிறோம். ஒரு காலத்தில் தீ இன்ஷ்யூரன்ஸுக்கு எல்லாக் கம்பெனிகளிலும் ஒரே கட்டணம்தான். 2007 ஜனவரி முதல் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. இப்போது பாலிஸியின் வாசகம் ஒன்றாக இருந்தாலும் விலையைக் கம்பெனியே வைத்துக்கொள்கிறது. சரக்கு ஒன்று, விலை வேறு என்றால் பேரம் விசாரிப்பவருக்குத்தானே லாபம்?

கணக்குப் புரிவதற்காக மட்டும் ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு கம்பெனி ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் கேட்டால், 3,40,000 ரூபாய்க்கு வருஷப் பிரீமியம் 340 ரூபாய். ஜி.எஸ்.டி. வரி 18 சதவிகிதம் சேர்த்தால் 401 ரூபாய் 20 காசு. இன்னொரு கம்பெனி ஆயிரத்துக்கு இரண்டு ரூபாய் கேட்டால் 802 ரூபாய் 40 காசு. வித்தியாசம் 401 ரூபாய் 20 காசு. மூன்று இடத்தில் விசாரித்ததற்குக் கூலியாக அது கிடைத்தால் போதாதா? குறைந்த பட்சப் பிரீமியம் என்று ஏதாவது உண்டா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நகைகளைப் பிரித்து வையுங்கள். நகை, வெள்ளிச் சாமான் போன்றவற்றைத் தனியே விலை பேசித்தான் சேர்க்க முடியும், பிரீமியமும் ஏறும். தினம் போடாத நகைகளைப் பாங்கு லாக்கரில் வைத்துவிட்டால், அவற்றை இந்தப் பாலிஸியில் இழுக்க வேண்டியதில்லை. 2022 ஜனவரி முதல் அமலில் இருக்கும் ரிஸர்வ் பாங்கு விதிப்படி, தீ, திருட்டு, பாங்கு ஊழியரின் மோசடி ஆகியவற்றால் லாக்கரில் உள்ளது போய்விட்டால், பாங்கின் பொறுப்பு லாக்கரின் வருஷ வாடகையைப் போல நூறு மடங்கு. வாடகை 2,000 ரூபாய் என்றால் இரண்டு லட்சம் வரை. வெள்ளம், பூகம்பம் போன்ற இயற்கை விபத்துக்கு அந்தப் பொறுப்பு கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆற்றங்கரைப் பாங்கில் கீழ்த்தட்டு லாக்கரைவிட மேல்தட்டு லாக்கர் நல்லது!

நாலாவது, வேண்டாத பகுதிகளை வெட்டுங்கள். ‘ஹவுஸ்ஹோல்டர்ஸ்’ பாலிஸி என்ற பெயரில் பல பகுதிகளைச் சேர்த்துக் கட்டி விற்பதும் உண்டு. கண்ணாடி உடைந்தால், பிரயாணப் பெட்டி தொலைந்தால், டீ.வி. பழுதானால் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். வருஷத்தில் ஒரு தடவை திருப்பதிக்குப் போகிறவருக்குப் பிரயாணப் பெட்டிக்கு இன்ஷ்யூரன்ஸ் எதற்கு? கடையில் கொடுத்த கியாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பழுதுக்குப் பணம் எதற்கு? ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு என்று தனித் தனியே எழுதி வாங்கிப் பாருங்கள்.

ஐந்தாவது, பல வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டுவதைப் பற்றி யோசியுங்கள். இந்தப் பாலிஸியைப் பத்து வருஷம் வரை எடுக்கலாம். சேர்த்துக் கட்டினால் பல கம்பெனிகள் தள்ளுபடி தருகின்றன. ஒரே வீட்டில் நீண்ட நாள் இருப்பவர்களுக்கு அது லாபம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றலாகும் உத்தியோகஸ்தர்கள் வருஷா வருஷம் எடுப்பதே உத்தமம்.

கையில் இருப்பதை அறியாமல்...

பணம் கொடுத்து வாங்குவதற்கு முன், ஏற்கெனவே நம்மிடம் இருப்பது என்ன என்று பார்ப்பதுதான் பெரிய சிக்கனம். சமையல் காஸ் சிலிண்டர் வாங்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் எண்ணெய்க் கம்பெனிகள் எடுத்து வைத்திருக்கும் ஒரு விபத்து இன்ஷ்யூரன்ஸ் இருக்கிறது. அதற்காக நாம் ஒரு காசும் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. காஸ் விபத்தில் மரணம் நேர்ந்தால் ஆளுக்கு ஆறு லட்ச ரூபாய் உண்டு. சாமான்கள், வீடு நாசமானால் ஒரு விபத்துக்கு அதிக பட்சம் இரண்டு லட்ச ரூபாய் வரை உண்டு.

இதில்தான் வாடகைக் குடித்தனக்காரர்கள் ஏமாந்துபோகக் கூடிய ஓர் இடம் இருக்கிறது. சாமான் நஷ்டத்துக்கான அந்தத் தொகை, காஸ் இணைப்பு எந்த விலாசத்தில் பதிவாகியிருக்கிறதோ, அந்த வீட்டில் நடந்த விபத்துக்குத்தான். நம் ஆசிரியை குடியாத்தத்தில் பதிவான சிலிண்டரை ஒடுகத்தூருக்குத் தூக்கி வந்து சமைத்துக்கொண்டிருந்தால், “இது எங்கள் கணக்கில் உள்ள வீடு அல்லவே!” என்று சொல்ல இடம் ஏற்பட்டுவிடும். வீடு மாறினால் காஸ் ஏஜென்ஸியில் விலாசத்தை மாற்றுவது முதல் வேலை. ரப்பர்க் குழாயில் அச்சிட்டிருக்கும் காலக்கெடுவைப் பார்த்து மாற்றுவது இரண்டாவது வேலை. விபத்து நேர்ந்தால் உடனே காஸ் விநியோகஸ்தருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் பெண்ணுக்கு

நேயர்களில் பலருடைய பெண்ணோ பிள்ளையோ அமெரிக்காவில் இருக்கக் கூடும். அங்கே வாடகைக்கு வீடு பிடிக்கப் போனால், “ரென்டர்ஸ் இன்ஷ்யூரன்ஸ் சீட்டைக் காட்டு” என்று பல இடங்களில் வீட்டுக்காரரே கேட்கிறார். சாமான்களுக்கு மட்டுமல்லாமல், நம் குழாயைத் திறந்துவிட்டுப் போய்க் கீழ் வீடு நனைந்தால் அந்த நஷ்டத்துக்கும் பெரும்பாலும் அது கைகொடுக்கிறது. கார் இன்ஷ்யூரன்ஸ் எடுத்த கம்பெனியிலேயே இதையும் எடுத்தால் வழக்கமாகத் தள்ளுபடி கிடைக்கும். சிறு நஷ்டத்தை நானே தாங்கிக்கொள்கிறேன் என்று அதிகத் தொகைக்கு ஒப்புக்கொண்டால் பிரீமியம் இன்னும் இறங்கும். ஆனால் வெள்ளம் அந்தப் பாலிஸியில் சாதாரணமாகச் சேராது. தனியாக வாங்க வேண்டும். அந்த விஷயத்தில் நம் ஊர்ப் பாலிஸிக்கே முதல் மார்க்!

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள்

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. மூன்று இடங்களில் மிச்சம் பிடித்தால் முதலுக்கே மோசம்.

ஒன்று, உண்மை. கீற்றுக் கொட்டகையைக் கான்கிரீட் வீடு என்றும், கடை நடத்தும் இடத்தைக் குடியிருப்பு என்றும் எழுதிக் கொடுத்தால் பிரீமியம் குறையலாம். நஷ்டம் வந்த அன்றைக்குக் கம்பெனி சர்வேயர் நேரில் வந்து பார்ப்பார். அப்போது பாலிஸி வெறும் காகிதமாகிவிடும்.

இரண்டு, விலாசம். பாலிஸி, அதில் எழுதிய விலாசத்தில் உள்ள சாமான்களுக்குத்தான். லாரியில் சாமான் ஏற்றும் நாளைக்கு முன்பே கம்பெனிக்கு எழுதிப் புது விலாசத்தைப் பதிந்துகொள்ள வேண்டும். கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு நீண்ட நாள் ஊருக்குப் போவதாக இருந்தால், அதற்கு ஏதாவது நிபந்தனை உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று, ருசு. பில்லையும் பாலிஸியையும் பீரோவில் வைத்துப் பூட்டி, அந்த பீரோவும் வெள்ளத்தில் போய்விட்டால் எதைக் காட்டுவது? கையில் இருக்கும் டெலிபோனில் அறை அறையாகப் படம் பிடித்து, பில்களையும் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் அக்காவுக்கோ தம்பிக்கோ அனுப்பி வையுங்கள். ஆபத்து வந்தால் உடனே கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். சர்வேயர் வருமுன் நனைந்த சாமானைக் குப்பையில் போடாதீர்கள். தீ விபத்தானால் தீயணைப்புப் படையின் அறிக்கையும், திருட்டானால் போலீஸில் பதிவு செய்த புகாரின் நகலும் வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கம்பெனி கையை விரித்தால் மனம் தளர வேண்டாம். முதலில் கம்பெனிக்கே எழுத்து மூலம் புகார் கொடுங்கள். முப்பது நாட்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், ஒரு வருஷத்துக்குள் சென்னையில் உள்ள இன்ஷ்யூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற டெலிபோன் எண்ணிலும் புகார் சொல்லலாம்.

இத்தனையையும் ஒரே நாளில் செய்ய முடியுமா என்று மலைக்க வேண்டாம். இன்று சாயங்காலம் ஜாபிதாவை மட்டும் எழுதுங்கள். சமையலறையில் ஆரம்பித்து, ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே இன்றைய விலையைப் போட்டுக்கொண்டே வாருங்கள். கூட்டிப் பார்க்கும்போது, “அடேயப்பா, நம்மிடம் இவ்வளவு இருக்கிறதா!” என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். “நம்மிடம் இன்ஷ்யூர் செய்ய என்ன இருக்கிறது?” என்று கேட்கும் கணவரிடம் அந்தக் காகிதத்தை நீட்டினால் போதும். மேற்கொண்டு நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்காது.